சபுராளிகளின் கப்பல் 'ரஜூலா'

இராயபுரம் கடற்கரையில் நின்று தெற்கே நோக்கினால், துறைமுகத்தில் இன்று கண்ணிற்படுவன சரக்குப் பெட்டகங்களும் அவற்றைத் தூக்கும் எந்திரங்களுமே. முன்னர் அதே துறைமுகத்துக்குக் கரிய புகைபோக்கியில் இரு வெண்பட்டைகள் தீட்டிய ஒரு கப்பல் வரும். அதன் புறப்பாட்டு நாளில் மண்ணடித் தெருக்கள் டிரங்குப் பெட்டியும் பாய்ச்சுருளும் ஏந்திய சபுராளிகளால் நிறைந்துவிடும். அதுதான் 'ரஜூலா'.

பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்காக 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பெற்றது அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் தடம். நாகையில் கப்பல் கரையணைய இயலாது. தோணியில் சென்றே ஏறவேண்டும். தொடக்கத்தில் மேற்றளப் பயணிகள் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்ற அனுமதி இருந்தது. இதனைச் சாதனையாக எழுதுவோர் உண்டு. பாய் விரித்த இடத்திலேயே உண்டு, உறங்கி, வாந்தியெடுத்துக் கடல் கடந்தவர்கள் அப்படி எழுதியிருக்கமாட்டார்கள்.

இரண்டாம் உலகப்போரில் ரஜூலா படைக்கப்பலாயிற்று. 1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவுக்கும் தமிழகத்துக்கும் இடையே கப்பலும் இல்லை, மணியார்டரும் இல்லை. நாகூரிலும் காரைக்காலிலும் கடையநல்லூரிலும், கணவர் இருக்கிறாரா இல்லையா என்றே அறியாமல் பெண்கள் மூன்றரையாண்டுகளைக் கழித்தனர். கப்பலின் போர்க்கால வரலாறு என்றால் இதுவும் அதில் சேரவேண்டியதே. ஆங்கில நூல்கள் துருப்புகளின் கணக்கோடு நின்றுவிடுகின்றன.

அதே ஆண்டில் கட்டப்பெற்ற அதன் உடன்பிறப்பு 'ரோனா'வும் படைக்கப்பலாகச் சென்றது. 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரைக்கப்பால், ஜெர்மானிய விமானம் வானொலியால் செலுத்திய குண்டு அதனைத் தாக்கிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர் மாண்டனர். உடன் மாண்ட கப்பல் தொழிலாளர் நூற்றுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் இந்தியர். அமெரிக்க அரசு இச்செய்தியை நெடுங்காலம் வெளியிடவில்லை. அத்தொழிலாளரின் வீடுகளுக்கு யார், என்று, என்ன சொல்லியிருப்பார்கள்?

ரஜூலா தப்பியது. போருக்குப்பின் சீர்செய்யப்பெற்றுப் பழைய தடத்துக்கே மீண்டது. மேற்றளத்தில் நெரிசலும் குறைக்கப்பட்டது. 1953இல் மலாயா, சிங்கப்பூர்க் குடிநுழைவு விதிகள் இறுகியதால் புதிதாகப் பிழைப்புத் தேடிச் செல்வோர் அருகினர். விடுமுறைக்கு ஊர் வருவோரும், கணவனிடம் செல்லும் மனைவியரும், பாட்டனாரைக் காணவரும் குழந்தைகளுமே கப்பலில் மிகுந்தனர்.

1973இல் இந்தியக் கப்பல் கழகம் அதனை வாங்கி, அந்தமானின் ஓர் ஊர்ப்பெயரால் 'ரங்கத்' என்று பெயரிட்டது. அப்பெயருடன் அது நெடுநாள் ஓடவில்லை, உடைக்கப்பட்டது. அத்தடத்தில் தொடர்ந்த 'சிதம்பரம்' கப்பலும் 1985இல் நடுக்கடலில் தீப்பற்றியது. உயிர்கள் பல போயின. சென்னை சிங்கப்பூர்ப் பயணிக் கப்பல் அத்துடன் நின்றது.