உயிரின் விலையும் தோட்டக் கணக்கும்

மருத்துவ ஆராய்ச்சிக்கென ஒதுக்கும் பொருளை எந்நோய்க்கு முதலில் அளிப்பது என்னும் வினாவுக்கு, அந்நோயால் நாட்டுக்கு நேரும் பொருளிழப்பைக் கணித்து விடைகாண்போர் இன்று பலர். உடல்நலத்தை வெள்ளியாலும் காசாலும் அளக்கும் இம்முறையைப் புதுமை என எண்ணுதல் வேண்டா. மலாயாவில் நம் முன்னோர் உழைத்த தோட்டங்களில் அது முன்னரே வழங்கிற்று.

கோலாலம்பூரில் 1900இல் தொடங்கப்பெற்ற மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தொடக்கக் காலப் பணிகளை நோக்கின், பெரிபெரியும் மலேரியாவும் முன்நிற்கக் காணலாம். முன்னது ஈயச் சுரங்கங்களில் சீனரை வாட்டியது; பின்னது இரப்பர்த் தோட்டங்களில் தமிழரை வாட்டியது. (புழுங்கலரிசி உண்ட தமிழர் பெரிபெரிக்குப் பெரும்பாலும் தப்பினர். தீட்டிய அரிசியே அந்நோயின் காரணம் என்று ஆய்வாளர் தெளிய இதுவும் துணைசெய்தது.) ஈயமும் இரப்பரும் நாட்டின் செல்வமாயின. அவற்றை ஈட்டிய கைகளைத் தளர்த்திய நோய்கள் ஆராய்ச்சியில் முதலிடம் பெற்றதில் வியப்பில்லை.

1901இல் மால்கம் வாட்சன் கிள்ளானில் அரசு மருத்துவராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டு அந்நகரிலும், புதிதாகத் திறக்கப்பெற்ற சுவெட்டன்காம் துறைமுகத்திலும், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்திலும், 582 பேர் மாண்டனர். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் கண்டறிந்து அப்போது நான்காண்டுகளே ஆகியிருந்தன. சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டியபின், 1902இல் இறந்தோர் தொகை 144ஆகக் குறைந்தது.

ஆனால் கடலோரச் சமவெளியில் பயன்தந்த வழி, குன்றுப்புறத் தோட்டங்களில் பொய்த்தது. காட்டை அழித்ததும், வெயில்பட்டுத் தெளிந்தோடிய ஓடைகளில் மாக்குலேட்டஸ் என்னும் வேறோரினக் கொசு பெருகிற்று. எக்கொசு எந்நீரில் முட்டையிடும் என்று இனம் இனமாக ஆராய்ந்தாலன்றி உய்வில்லை என்பது தெளிவாயிற்று. நிலத்தடியில் குழாய் புதைத்து நீரை வடிக்கவும், ஓடைகளில் எண்ணெய் தெளிக்கவும் பொருள் வேண்டும். அங்கேதான் துரைமார்களின் கணக்கேடு பேசிற்று. ஓராளைத் தமிழகத்திலிருந்து அழைத்துவரும் செலவு, அவர் காய்ச்சலில் கிடக்கும் நாள்களின் இழப்பு, பால்வெட்ட ஆளின்றி நிற்கும் மரங்கள் ஆகியவை ஒருபுறம். குழாயும் எண்ணெயும் மறுபுறம். மருத்துவர்கள் இரக்கத்தை மட்டுமே சொல்லி வாதிட்டிருப்பின், இத்துணைச் செலவுக்கு முதலாளிமார் இசைந்திருப்பரோ என்பது ஐயமே. அவ்வகையில் அக்கணக்கு பல உயிர்களைக் காத்தது என்பதை மறுத்தற்கில்லை.

எனினும் ஒன்று உறுத்துகின்றது. லயத்துச் சிறுவரின் வீங்கிய மண்ணீரலைத் தொட்டுப் பார்த்தே, ஓரிடத்தில் மலேரியா எவ்வளவு பரவியுள்ளது என்பதை வாட்சன் மதிப்பிட்டார். நோயை அளக்கும் கோலாக அக்குழந்தைகள் பயன்பட்டனர். பெரட்டில் பெயரில்லாத அவர்களின் சாவு, தோட்டக் கணக்கேட்டில் எந்தப் பத்தியில் இழப்பாக எழுதப்பட்டிருக்கும்?

1993ஆம் ஆண்டு அறிக்கையில் உலக வங்கி கையாண்ட நோய்ச்சுமை அளவையிலும் இந்நிழல் படிந்திருந்தது. கைக்குழந்தையின் ஓராண்டு வாழ்வையும் முதியவரின் ஓராண்டு வாழ்வையும் விட, 25 வயதை ஒட்டியவரின் ஓராண்டு அதில் மிகுதியாக மதிக்கப்பெற்றது. வயதுக்கேற்ப மதிப்பை ஏற்றியிறக்கும் அவ்வழக்கம், 2012இல் வெளியான உலக நோய்ச்சுமை ஆய்வில் கைவிடப்பட்டது.