தொடக்கம் உண்டெனில் தொடக்கியவன் உண்டு: ஒரு வாதத்தின் வரலாறு

புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் பயிலும் நம் பிள்ளைகள் வீட்டில் எழுப்பும் வினா ஒன்று உண்டு. பேரண்டம் ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் விரியத் தொடங்கியது என்று பாடநூல் சொல்கிறதே, அல்லாஹ் இருக்கிறான் என்பதற்கு இது சான்றாகுமா என்பதே அது. நம்மில் சிலர், ‘அறிவியலே நிரூபித்துவிட்டது, இனி என்ன ஐயம்?’ என்று விடையளிக்கிறோம். வேறு சிலர், ‘இப்படியெல்லாம் கேட்டால் ஈமான் போய்விடும்’ என்று வாயடைத்து விடுகிறோம். முன்னது அவசரம், பின்னது அச்சம். நம் முன்னோர்களான இமாம்கள் இவ்விரண்டையும் கைக்கொள்ளவில்லை. அவர்கள் இவ்வினாவை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எடுத்து, பல கோணங்களிலும் ஆராய்ந்தார்கள். அந்த வரலாற்றை அறிந்தால் நம் பிள்ளைகளுக்கு நேர்மையான விடையைத் தர நம்மால் இயலும்.

வினாவின் வேர் திருக்குர்ஆனிலேயே இருக்கிறது. பத்ருப் போரில் சிறைபிடிக்கப்பட்ட குறைஷியர் குறித்துப் பேசுவதற்காக ஜுபைர் இப்னு முத்இம் மதீனாவுக்கு வந்தார். அப்போது அவர் முஸ்லிமாகவில்லை. நபி (ஸல்) அவர்கள் மஃக்ரிப் தொழுகையில் ‘அத்தூர்’ எனும் 52ஆம் அத்தியாயத்தை ஓதிக்கொண்டிருந்தார்கள். மனிதர்கள் படைப்பவன் எவனுமின்றித் தோன்றினார்களா, அல்லது தம்மைத் தாமே படைத்துக்கொண்டார்களா, வானங்களையும் பூமியையும் அவர்கள்தாம் படைத்தார்களா என்று அவ்வத்தியாயம் அடுக்கிக் கேட்கும் இடத்தைச் செவியுற்றபோது, தம் உள்ளம் பறந்துவிடும்போல் ஆனதாக அவரே பின்னாளில் அறிவித்தார். ஸஹீஹுல் புகாரியில் இது பதிவாகியுள்ளது. பிற்காலத்தில் அவர் இஸ்லாத்தை ஏற்று, நபித்தோழர்களுள் ஒருவரானார் (ரளி).

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருமறை ஒரு கணக்கையோ வானியல் செய்தியையோ முன்வைத்து அவரை வெல்லவில்லை. மனித அறிவு தப்பிச் செல்ல முடியாத கேள்வியொன்றை அவர் முன் நிறுத்தியது. பின்வந்த கலாம் அறிஞர்கள் அக்கேள்வியைத்தான் தர்க்கமாக வடித்தெடுத்தார்கள்.

அவர்கள் அதைச் செய்ய வேண்டிய நிலையும் உருவாயிற்று. அப்பாஸிய கலீஃபாக்களின் காலத்தில், குறிப்பாக மஃமூனின் ஆட்சியில் (813-833), பக்தாதில் கிரேக்க நூல்கள் அரபியில் பெயர்க்கப்பட்டன. அவற்றோடு அரிஸ்டாட்டிலின் கருத்தும் வந்து சேர்ந்தது. உலகத்துக்குத் தொடக்கமே இல்லை. அது என்றென்றும் இருந்துவருகிறது என்பது அக்கருத்து. இதற்கு மறுப்பு இஸ்லாத்துக்கு முன்பே எழுந்திருந்தது. அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த யோவான் பிலோப்போனஸ் எனும் கிறித்தவ அறிஞர் 529இல் உலகின் அநாதித்தன்மையை மறுத்துத் தனி நூலே எழுதினார். கடந்துபோன காலம் முடிவிலியாக இருந்திருந்தால், அதைக் கடந்து இன்றைய நாள் எப்படி வந்து சேர்ந்திருக்க முடியும் என்பதே அவருடைய வாதத்தின் சாரம். ஒன்பதாம் நூற்றாண்டில் அரபுகளின் மெய்யியலாளர் எனப் புகழ்பெற்ற அல்கிந்தீ இதையொத்த வாதத்தைக் கையிலெடுத்தார். கலீஃபா முஃதஸிமுக்குக் காணிக்கையாக்கிய ‘முதல் மெய்யியல்’ எனும் நூலில், காலமும் பொருளும் முடிவிலியாக இருக்க இயலாது. ஆகவே உலகம் தோன்றியதே என்று அவர் நிறுவ முனைந்தார்.

இவ்வாதத்தைக் கூர்மையாக்கியவர் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (1058-1111). பக்தாதின் நிஜாமிய்யா கல்லூரியில் பேராசிரியராக இருந்தபோது, 1095இல் ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’வை நிறைவு செய்தார்கள். மெய்யியலாரின் 20 கருத்துகளை ஆராயும் அந்நூலில் முதலாவதாக வருவதே உலகம் அநாதி எனும் கொள்கை. இமாமவர்களின் ஒரு வாதம் எளிய கணக்கில் அமைந்தது. அக்கால வானியலின்படி சூரியன் ஓராண்டில் ஒருமுறை சுற்றுகிறது. சனி ஏறத்தாழ 30 ஆண்டுகளில் ஒருமுறை சுற்றுகிறது. உலகுக்குத் தொடக்கமில்லையெனில் இரண்டின் சுற்றுகளும் எண்ணற்றவை. ஆயினும் ஒன்று மற்றொன்றைப் போல 30 மடங்கு! அச்சுற்றுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையா, இரட்டைப்படையா? எதைச் சொன்னாலும் இடர்ப்பாடே என்றார்கள்.

‘அல்இக்திஸாத் ஃபில் இஃதிகாத்’ எனும் தம் மற்றொரு நூலில் அவர்கள் வாதத்தைச் சுருக்கமாகத் தந்தார்கள். புதிதாகத் தோன்றும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. உலகம் புதிதாகத் தோன்றியது. எனவே உலகுக்கு ஒரு காரணம் உண்டு. நம் அரபுக் கல்லூரிகளில் மன்திக் பயின்ற எவருக்கும் இதனோடு உறவுடைய மற்றொரு சூத்திரம் மனப்பாடமாக இருக்கும். உலகம் மாறக்கூடியது, மாறுவதெல்லாம் ஹாதிஸ், எனவே உலகம் ஹாதிஸ் என்பதே அது.

‘அப்படியானால் அல்லாஹ்வைப் படைத்தது யார்?’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். விடை அவ்வாதத்திலேயே அடங்கியிருக்கிறது. இருப்பவை அனைத்துக்கும் காரணம் வேண்டும் என்று இமாமவர்கள் கூறவில்லை. தோன்றுபவற்றுக்குக் காரணம் வேண்டும் என்றே கூறினார்கள். தொடக்கமில்லாதவனான கதீமிடம் அக்கேள்வி பொருந்தாது.

ஆனால், ‘ஒரு காரணம் உண்டு’ என்பதும் ‘அல்லாஹ் உண்டு’ என்பதும் ஒன்றல்ல. இடையில் இன்னொரு படி இருக்கிறது. அதை இமாமவர்கள் தாவிக் கடக்கவில்லை. நெருப்பு இருக்குமிடத்தில் சூடும் இருக்கிறது. நெருப்பு அநாதியாக இருந்தால் சூடும் அநாதியாகவே இருந்திருக்கும். காரணம் அநாதியாயிருந்தும் விளைவுக்கு மட்டும் தொடக்கம் உண்டென்றால், அக்காரணம் நெருப்பைப் போல இயல்பால் இயங்குவதன்று. நாடிச் செயல்படும் ஒருவனே அவ்வாறு செய்ய முடியும். இந்த நாட்டத்தையே ‘இராதா’ என்கிறோம். ‘எல்லா நேரமும் ஒன்றுபோல் இருக்க, இந்நேரத்தைத் தேர்ந்தது எதனால்?’ என்று மெய்யியலார் எதிர்த்தபோது, இமாமவர்கள் பேரீச்சம்பழ உவமையைக் கூறினார்கள். பசித்தவன் முன் முற்றிலும் ஒத்த இரு பழங்கள் இருக்கின்றன. ஒன்றைத்தான் எடுக்க முடியும். அவன் பட்டினி கிடக்க மாட்டான், ஒன்றை எடுப்பான். ஒத்தவற்றுள் ஒன்றைத் தேர்வதே நாட்டத்தின் தன்மை.

எல்லாரும் இவ்வழியை ஏற்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு முன்வாழ்ந்த இப்னு சீனா (980-1037) காலத்தின் தொடக்கத்தைச் சாராத வேறு வாதத்தை வைத்திருந்தார். உலகிலுள்ளவை யாவும் இருக்கவும் கூடும், இல்லாதிருக்கவும் கூடும், அவை ‘மும்கின்’. அவை இருப்பதற்கு, இல்லாதிருக்கவே இயலாத ‘வாஜிபுல் வுஜூத்’ வேண்டும் என்றார். விளக்கு எவ்வளவு நேரம் எரிந்தாலும் அதன் வெளிச்சம் விளக்கைச் சார்ந்தே நிற்பது போன்றது இது. உலகம் அநாதி என்ற அவர் கொள்கையை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அஹ்லுஸ் ஸுன்னாவின் நிலைப்பாடு உலகம் ஹாதிஸ் என்பதே. ஆயினும் பிற்காலக் கலாம் அறிஞர்கள் ‘மும்கின்’ எனும் வாதத்தையும் தம் நூல்களில் சேர்த்துக்கொண்டார்கள்.

குர்துபாவின் காழியாக விளங்கிய இப்னு ருஷ்த் (1126-1198) இமாமவர்களுக்கு மறுப்பு எழுதினார். கடந்துபோன சுற்றுகள் ஒருசேர இருப்பவை அல்ல. எனவே ஒற்றை, இரட்டை எனும் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது என்றார். பொதுமக்களுக்குத் திருக்குர்ஆன் காட்டும் வழிகள் வேறு என்பது அவர் கருத்து. மனித வாழ்வுக்கு உலகம் பொருந்த அமைந்திருக்கும் பராமரிப்பு (இனாயத்), உயிர் முதலியன உண்டாக்கப்பட்டிருக்கும் விந்தை (இக்திராஃ) ஆகிய இரண்டையும் அவர் சுட்டினார். ஆக, வாதத்தில் வேறுபட்டாலும் படைத்தவன் உண்டு என்பதில் இம்மூவருமே வேறுபடவில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1917இல் ஐன்ஸ்டைன் வகுத்த பேரண்டம் விரியாமல் நிலையாக நிற்பது. 1922இல் ஃப்ரீட்மனும், 1927இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த கத்தோலிக்கப் பாதிரியார் ஜார்ஜ் லெமைத்ரேயும் அது விரியக்கூடியது என்பதைக் கணிதத்தால் காட்டினார்கள். தொலைவு கூடக்கூட விண்மீன் மண்டலங்கள் விலகும் வேகமும் கூடுவதை 1929இல் ஹபிள் வெளியிட்டார். 1931இல் லெமைத்ரே, அனைத்தும் ஓர் ஆதி அணுவிலிருந்து விரிந்தது என்ற கருத்தை முன்வைத்தார். தொடக்கத்தை விரும்பாத ஃப்ரெட் ஹாய்ல் முதலியோர் 1948இல் மாற்றுக் கோட்பாடு ஒன்றைத் தந்தனர். 1965இல் பென்சியாஸ், வில்சன் ஆகியோரின் நுண்ணலைக் கதிர்வீச்சுக் கண்டுபிடிப்பு வெளியானபின் அம்மாற்றுக் கோட்பாடு தளர்ந்தது.

1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், இப்புதிய அறிவியல் படைப்புக்குச் சான்று பகர்வதாக உரையாற்றினார். அதைக் கேட்டு மகிழ்ந்திருக்க வேண்டிய லெமைத்ரே மகிழவில்லை. தம் கோட்பாடு ஓர் இயற்பியல் கோட்பாடு. அதைச் சமய நம்பிக்கைக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தலாகாது என்பது அவர் நிலை. பாதிரியாராகிய அவருக்கு இறைநம்பிக்கை குறைவு என்று யார் சொல்வார்?

இந்த எச்சரிக்கையை நம் இமாமவர்கள் அவருக்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே தந்துவிட்டார்கள். தஹாஃபுத்தின் முன்னுரையில் அவர்கள் கிரகணத்தை எடுத்துக்காட்டினார்கள். கணக்கால் உறுதிப்பட்ட அதன் விளக்கத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கிறான் என்றார்கள். உலகம் தோன்றியது என்பது நிலைபெற்றபின், அதன் வடிவம் உருண்டையா, வேறு விதமா என்பது அடிப்படைக்கு ஊறு செய்யாது என்பதையும் விளக்கினார்கள்.

ஆகவே பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது இதுவே. பேரண்டத்துக்குத் தொடக்கம் உண்டு என்ற செய்தி நம் அகீதாவுக்கு இணக்கமானது. அதைக் கேட்டு மகிழ்வதில் தவறில்லை. எனினும் விரிவின் மிகத் தொடக்கக் கணத்தை விளக்க இன்றைய சமன்பாடுகள் போதா என்று இயற்பியலாரே கூறுகின்றனர். அதற்கு முன்னும் ஒரு நிலை இருந்தது எனும் கோட்பாடுகளை அவர்களுள் சிலர் ஆராய்ந்து வருகின்றனர். நாளை அவற்றுள் ஒன்று வலுப்பெற்றால், ‘அறிவியல் நிரூபித்துவிட்டது’ என்று மட்டும் கற்ற பிள்ளையின் ஈமான் என்னாவது? வாடகை வீட்டில் குடியிருப்பவனை உரிமையாளர் எந்நேரமும் வெளியேற்றலாம். ஈமானை அப்படி வாடகைக்குக் குடியமர்த்தலாகாது.

தொடக்கம் தொடக்கியவனைச் சுட்டுகிறது, அவ்வாதம் வலிமையானது. அது விழிகளைத் திறக்கும் வாசல். அவ்வாசலைக் கடந்து உள்ளே செல்பவன், காரணம் ஒன்று உண்டு என்பதோடு நின்றுவிடுவதில்லை. தன்னைப் படைத்தவனை அறிகிறான்; அவனுக்கு ஸஜ்தா செய்கிறான். மஃக்ரிப் வேளையில் ஜுபைரின் உள்ளத்தை அசைத்தது அந்தக் கேள்வியே. பிள்ளைகள் அக்கேள்வியைக் கேட்கும்போது நாம் அஞ்ச வேண்டாம். அவர்களுடன் அமர்ந்து சிந்திப்போம்.

வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் தெளிந்த அறிவையும் உறுதியான ஈமானையும் தந்தருள்வானாக! ஆமீன்.