லாஸ்ட் கோஸ்ட் நடைபாதை

லாஸ்ட் கோஸ்ட் நடைபாதை, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநில வடபகுதியில் பசிபிக் கடலோரமாகச் செல்லும் நெடுநடைப் பாதை. பெரும்பாலோர் நடக்கும் வடபகுதி மட்டோல் ஆற்று முகத்துவாரத்தில் தொடங்கி ஷெல்ட்டர் கோவ் வரை ஏறக்குறைய 40 கி.மீ. நீள்கிறது. தென்பகுதி சிங்கியோன் வனப் பூங்காவுக்குள் இருக்கிறது.

இக்கரை சாலைகளிடமிருந்தும் கட்டடங்களிடமிருந்தும் தப்பியதற்கு முதற்காரணம் இதன் முரட்டு நிலமே. கடலை ஒட்டியே வரும் 1ஆம் எண் நெடுஞ்சாலை இங்கே உள்நாட்டுப் பக்கம் ஒதுங்கிவிடுகிறது. கிங் சிகரம் கடலிலிருந்து சுமார் 5 கி.மீ. தொலைவுக்குள்ளேயே 1,246 மீட்டர் உயர்ந்துவிடுகிறது. சரிவுகளில் மண் அடிக்கடி சரிகிறது. மூன்று புவித்தட்டுகள் சந்திக்கும் இடம் அருகில்தான். 1992 ஏப்ரலில் நேர்ந்த நிலநடுக்கம் கரையின் ஒரு பகுதியை ஒரு மீட்டருக்கும் மேல் தூக்கிவிட்டது. பாறையை ஒட்டி வாழ்ந்த கடலுயிர்கள் நீரின்றி மடிந்தன.

நடப்பவர் முதலில் பார்க்க வேண்டியது ஓத அட்டவணை. நீர் ஏறும் வேளையில் பாதையின் சில நீண்ட பகுதிகளில் ஒருபுறம் அலை, மறுபுறம் செங்குத்துப் பாறை, ஒதுங்க இடமில்லை. திடீர் அலை உயிரைக் குடிக்கும். கருங்கரடிகள் உலவுவதால், அவை திறக்க முடியாத டப்பாவில்தான் உணவை எடுத்துச் செல்ல வேண்டும். இரவு தங்க முன் அனுமதி வேண்டும்.

இக்கரையைக் காக்க, நிலம் முரடாக இருந்தது மட்டும் போதவில்லை. 1970இல் வடபகுதியில் கிங் மலைத்தொடர் தேசியப் பாதுகாப்புப் பகுதிக்கான சட்டம் வந்தது. 2006இல் அதன் பெரும்பகுதி சட்டப்படி வனாந்தரமாக அறிவிக்கப்பட்டது. தெற்கே போராட்டம் கடுமையானது. 1980களில் சிங்கியோன் பகுதியின் முதிர்ந்த ரெட்வுட் மரங்களை வெட்ட ஒரு மர நிறுவனம் முனைந்தபோது, சூழல் ஆர்வலர்கள் மரங்களுக்கு முன் நின்றார்கள். பழங்குடியினர் அமைப்போடு சேர்ந்து நீதிமன்றம் சென்றார்கள். 1985இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

அந்த மரங்களுக்குச் சூட்டப்பட்ட பெயர் சாலி பெல் தோப்பு. வெள்ளையர் நடத்திய படுகொலையில் சிறுமியாக உயிர்தப்பிய சிங்கியோன் பழங்குடிப் பெண் சாலி பெல். இக்கரையின் வரலாற்றில் காட்டழிப்பைப் பேசி, மக்களழிப்பை விட்டுவிடுவது நியாயமாகாது. 1986இல் உருவான பழங்குடிகளுக்கிடையிலான சிங்கியோன் வனக் குழு 1997இல் இங்கே 3,800 ஏக்கருக்கு மேல் நிலம் பெற்றது. 2022இல் ரெட்வுட் பாதுகாப்புச் சங்கம் மேலும் 523 ஏக்கரை அக்குழுவுக்கே வழங்கியது. வணிகத்துக்காக அங்கே மரம் வெட்டக்கூடாது என்பது உடன்படிக்கை.