கவரியும் அதன் புல்வெளியும்



சங்க நூல்களுள் ஒன்றாகிய பதிற்றுப்பத்தில், இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைக் குமட்டூர்க் கண்ணனார் பாடிய பகுதி இரண்டாம் பத்தாகும். அதன் முதற் பாட்டிலே, இமயச் சாரலில் உறங்கும் கவரி ஒன்று நரந்தம்புல்லையும் அருவியையும் கனவு காண்கின்றது. கவரி என்றதும் மயிரையும் மானத்தையுமே நினைப்பது நம் வழக்கம். அப்புலவரோ அதன் மேய்ச்சலை நினைத்தார். யானும் இன்று அதனையே பேசக் கருதுகின்றேன்.

கவரியை மான் என மயங்குவோர் உளர். அது மான் அன்று, மாட்டினத்தைச் சேர்ந்தது. திபெத்து மேட்டுநிலத்திலும் அதனைச் சூழ்ந்த இமயப் பகுதிகளிலும் 10,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் வாழ்வது. நீண்டு தொங்கும் மயிர் அதற்குக் குளிர்தாங்கும் போர்வை. நம் கடற்கரை வெயிலை அதனால் தாங்க இயலாது. பாலும் மயிரும் பொதிசுமக்கும் முதுகும் மட்டுமன்றி, மரமில்லா நாட்டிலே அடுப்பெரிக்கும் சாணமும் தந்து அது மனிதரை வாழ்விக்கின்றது.

அதன் மேய்ச்சல் முறை வியத்தற்குரியது. புல் நீண்டிருப்பின் பசுவைப்போல நாவாற் சுற்றி இழுத்துத் தின்னும்; குறுகியிருப்பின் ஆட்டைப்போல உதடும் பல்லும் கொண்டு நிலத்தை ஒட்டிக் கறிக்கும். பனி மூடினால் குளம்பாலும் முகத்தாலும் அதனை விலக்கி, அடியிற் கிடக்கும் காய்ந்த புல்லைத் தேடும். கோடையிற் சேர்த்த கொழுப்பே குளிர்காலத்தில் அதன் சேமிப்பு. அக்காலத்தில் உடல் எடையிற் கால்பங்கு வரை குறைதலும் உண்டு.

இத்தகைய வாய்க்கு எதிரே மலைப்புல்லின் நிலை யாது? அங்கே புல் வளரும் காலம் ஆண்டிற் சில திங்களே. இளந்தளிரை முற்றாகக் கறித்துவிட்டால் வேர் வலிவிழக்கும். வேர் தளர்ந்தால் மண் சரியும். ஆதலின் மலைமேய்ச்சலின் முதல் விதி, எத்தனை விலங்கு மேயலாம் என்பது மட்டுமன்று. எப்போது வரவேண்டும், எப்போது போகவேண்டும் என்பதுமாகும்.

இவ்விதியை ஊர்ச்சட்டமாக்கியவர் வடசிக்கிமின் லாச்சென், லாச்சுங் பள்ளத்தாக்கு மக்கள். அவர்தம் ஊரவைக்கு ஜும்சா என்று பெயர். குடும்பத்துக்கு ஒருவர் அதிற் கூடுவர். பிப்போன் எனப்படும் தலைவரைத் தேர்வர். மந்தைகள் எந்நாளில் மேலேறவேண்டும், எந்நாளில் கீழிறங்கவேண்டும் என்பதை அவையே குறிக்கும். மீறுவோர் தண்டம் இறுக்கவேண்டும். ஒருவன் முந்திச் சென்று பிறர்பங்குப் புல்லை மேய்க்கலாகாது என்பதே அதன் உட்பொருள். 1975இற் சிக்கிம் இந்தியாவுடன் இணைந்த பின்னரும் இவ்வவைகள் ஏற்கப்பட்டு, இன்றும் இயங்கி வருகின்றன.

இனி, எல்லையின் கதையைக் கேளுங்கள். முன்னாளில் வடசிக்கிம் மந்தைகளுக்குத் திபெத்துப் புல்வெளிகளும் திறந்திருந்தன. குளிர்காலத்தில் எவரும் கீழே இறங்குவர் என்றே நாம் எண்ணுவோம். டோக்பா எனப்படும் இடையரோ, காற்று பனியைத் துடைத்துச் செல்லும் உயர்ந்த மேட்டுவெளியை நாடினர். அங்கேதான் புல் வெளிப்பட்டிருக்கும். கவரிகளின் முதுகிலே திபெத்தின் ஏரியுப்பும் கம்பளி மயிரும் தெற்கே வந்தன. தானியம் வடக்கே சென்றது. புத்தளத்து உப்பளங்களை அறிந்த நமக்கு, மலையுச்சியிலும் உப்பே வாணிகத்தின் உயிராய் இருந்தமை வியப்பைத் தரும். 1962இல் இந்திய சீனப் போர் மூண்டது. எல்லை அடைபட்டது. வாணிகம் நின்றது, மந்தைகள் நடந்த பழைய வழியும் துண்டாயிற்று.

2018 டிசம்பரிலிருந்து முகுத்தாங் முதலிய இடங்களிற் கடும்பனி பெய்தது. புல் புதைந்தது, தீவனம் கொண்டுசெல்ல வழியில்லை. 2019 மே மாதத்தில், ஏறத்தாழ 300 கவரிகள் பட்டினியால் மாண்டமை தெரியவந்தது. அடைபட்ட எல்லையே இதற்குக் காரணம் என்று கூறுதல் தகாது. பனி வழக்கத்தினும் கொடியது. ஆயினும், ஒதுங்கிச் செல்ல மாற்றிடம் குறைந்த மந்தைக்கு ஒரு பெரும்பனியே போதும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

தமிழகத்து மலைக்கும் இத்தகைய வரலாறு உண்டு. நீலகிரியிலே தோடர் தம் எருமைகளைப் பருவத்துக்கேற்ப வெவ்வேறு புல்வெளிக்கு ஓட்டுவர். அவற்றுக்கு உப்புநீர் ஊட்டுவதைச் சடங்காகவே நடத்துவர். 19ஆம் நூற்றாண்டு முதல் அப்புல்வெளிகளைத் தரிசு என்று கருதியோர் தைலமரத்தையும் சீகைமரத்தையும் அங்கே நட்டனர். மேய்ச்சல் நிலம் சுருங்கிற்று, எருமைகளும் அருகின. அங்கே இடையரின் வழியை அடைத்தது நாட்டெல்லை அன்று, வேற்று நாட்டு மரம்.

நிலையாக ஓரிடத்தில் தங்காதவனை நாகரிகமற்றவன் என்று எண்ணுவது படித்தோரிடத்தும் காணப்படும் பிழை. கற்பிட்டிக் கரையில் வாழும் நாம் அங்ஙனம் எண்ணலாகாது. பருவக்காற்றின் போக்கறிந்து வாடியைப் பெயர்த்து மறுகரை நாடும் மீனவர் நம்மிடையே உளர். அவர் கடலைக் கைவிட்டுப் போவதில்லை. மீண்டும் வருவதற்காகவே போகின்றார். மலையிடையர் புல்லை விட்டு நீங்குவதும் அவ்வாறே. உரிய காலத்தில் விட்டு நீங்குதலும் நிலத்தைப் பேணும் முறைகளுள் ஒன்று. அவ்வறிவு நூலில் எழுதப்படாமையால் அறிவன்று என்று தள்ளுவோமாயின், கவரிக்குப் புல் கனவில் மட்டுமே எஞ்சும்.