பிள்ளைகள் சுமந்த அம்மைப்பால்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் சீனியர்கள் சிலர் மெனிங்கோகாக்கல் தடுப்பூசி போட அலைவதைப் பார்த்திருப்பீர்கள். மூளையைச் சுற்றியுள்ள சவ்வைத் தாக்கும் காய்ச்சலுக்கான ஊசி அது. ஹஜ் பயணிகளுக்கும் கட்டாயம். தயாரிக்கும் இடத்திலிருந்து நம் கைக்கு வரும்வரை அந்த மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே வைத்திருக்க வேண்டும்.

சரி, பிரிட்ஜே இல்லாத காலத்தில் தடுப்பு மருந்து எப்படி ஊர் விட்டு ஊர் போனது?

பிள்ளைகளின் கைகளில்தான்!

1796-ல் எட்வர்ட் ஜென்னர், மாட்டம்மைக் கொப்புள நீரைக் கையில் கீறி வைத்தால் பெரியம்மை வராது என்று கண்டறிந்தார். நம் ஊரில் இதை 'அம்மை குத்துதல்' என்றார்கள். ஆனால் அந்தப் பால் வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் ஒரு பிள்ளைக்குக் குத்தி, சுமார் 8-ஆம் நாள் கொப்புளம் பழுத்ததும், அதிலிருந்து எடுத்து அடுத்த பிள்ளைக்குக் குத்துவார்கள். சங்கிலி அறுந்தால் மருந்தே இல்லை.

இந்தியாவில் முதலில் குத்தப்பட்டது பம்பாயில், 1802 ஜூன் 14 அன்று. குழந்தையின் பெயர் அன்னா டஸ்ட்ஹால், வயது 3. சில மாதங்களில் சென்னைக்கும் வந்தது. இங்கிருந்த தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், அதே ஆண்டு 'ஹண்டர்' என்ற கப்பலில் பிள்ளைகளை ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நடுக்கடலில் ஒரு பிள்ளையிடமிருந்து எடுத்து இன்னொரு பிள்ளைக்குக் குத்தினார்கள். நவம்பரில் உயிரோடு இருந்த பால் கல்கத்தா சேர்ந்தது.

அப்போது ராயபுரத்தை ஒட்டி இன்றுள்ள துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளியே நிற்கும். மசூலா படகில் அலையைத் தாண்டித்தான் ஏற வேண்டும். பெரியவர்களே பயந்த பயணம் அது. அந்தப் பிள்ளைகளிடம் யாராவது சம்மதம் கேட்டிருப்பார்களா?

பின்னாளில் கன்றுக்குட்டிகளின் தோலில் பாலை வளர்க்கும் முறை வந்தது. 1899-ல் தொடங்கிய கிண்டி கிங் நிலையம் அப்படித்தான் மாகாணம் முழுவதற்கும் தயாரித்தது. பிள்ளைகள் தப்பித்தார்கள். 1977-ல் பெரியம்மை இல்லாத நாடாக இந்தியா அறிவிக்கப்பட்டது.

வீட்டில் 50 வயது தாண்டியவர்களின் கையைப் பாருங்கள். அம்மை குத்திய வட்டத் தழும்பு இருக்கலாம். தடுப்பூசி என்றால் ஜென்னர் பெயரை மட்டும் பரீட்சையில் எழுதுகிறோம். கையை நீட்டிய அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு வரி எழுதலாமே?