விசா இருந்தும் ஏர்போர்ட்டில் திருப்பி அனுப்புவது ஏன்? பெரம்பலூர், அரியலூர் பயணிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இருந்து வளைகுடா நாடுகள், மலேசியா, சிங்கப்பூர் செல்பவர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சர்வதேச விமான நிலையம் திருச்சிதான். வேன் பிடித்து, வீட்டாரோடு அங்கே போன பிறகு, 'நீங்க போக முடியாது' என்று கவுன்ட்டரில் சொன்னால் என்ன செய்வது? தவறு யார் பக்கம் என்பதைப் பொறுத்தே பணம் திரும்பக் கிடைக்கும்.

டூரிஸ்ட் விசாவில் வேலைக்குப் போகலாமா?

கூடாது. 'இப்போதைக்கு விசிட் விசாவில் போங்க, அங்க போய் மாத்திக்கலாம்' என்று ஏஜென்ட் சொன்னால் உஷாராகிவிட வேண்டும். 2022 அக்டோபரில் மியான்மரில் இருந்து மீட்கப்பட்டு ஊர் திரும்பிய 13 தமிழர்களும் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று ஆசை காட்டப்பட்டவர்கள்தான்.

10-ம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக இ.சி.ஆர். வகையைச் சேர்ந்தது. இவர்கள் ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, கத்தார், குவைத், ஓமன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலை விசாவில் செல்ல, இ-மைக்ரேட் தளம் வழியாக அனுமதி பெற வேண்டும். இல்லாவிட்டால் இமிகிரேஷனில் நிறுத்திவிடுவார்கள். இந்தப் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை.

முறைப்படி இந்த அனுமதியோடு செல்பவர்களுக்கு 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. 2 ஆண்டுக்கான பிரீமியம் 275 ரூபாய்தான். விசிட் விசாவில் போய் வேலை பார்ப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஒற்றைப் பெயர் பிரச்னை

நம்மூரில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆனால் பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் மட்டும் இருப்பவர்களை விசிட், டூரிஸ்ட் விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. விசா எடுக்கும் முன்பே, திருச்சி மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் மூலம் பெயரைத் திருத்தி மறுவெளியீடு பெறுவது நல்லது. டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே பெயர் இருக்க வேண்டும்.

விசாவே வேண்டாம் என்றால்?

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியாவில் 30 நாள் வரை தங்கலாம். ஆனால் டிஜிட்டல் வருகை அட்டையை, அங்கு சேர்வதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். ரிட்டர்ன் டிக்கெட், தங்கும் இடத்தின் விவரம், செலவுக்குப் பணம் ஆகியவற்றையும் கேட்பார்கள். இந்தச் சலுகையை வைத்து அங்கே வேலை பார்க்க முடியாது.

விமான நிறுவனம் எப்போது பணம் தர வேண்டும்?

உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் பல நாடுகள் விமான நிறுவனத்துக்கே அபராதம் போடுகின்றன. அவரைத் திருப்பி அழைத்து வருவதும் நிறுவனத்தின் பொறுப்புதான். கவுன்ட்டரில் கறாராக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆவணக் குறைபாட்டால் பயணம் நின்றால் இழப்பீடு கிடைக்காது. ஆனாலும் பயன்படுத்தாத டிக்கெட்டில் உள்ள அரசு வரி, விமான நிலையக் கட்டணங்களைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது டி.ஜி.சி.ஏ. விதி. பலர் இதைக் கேட்பதே இல்லை!

ஆவணங்கள் சரியாக இருந்து, நேரத்துக்கும் வந்த பயணியை ஓவர்புக்கிங் காரணமாக இறக்கிவிட்டால் கதை வேறு. ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் மாற்று விமானம் தந்தால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால் அதிகபட்சம் 10,000 ரூபாய், அதற்கும் மேல் தாமதமானால் அதிகபட்சம் 20,000 ரூபாய் வரை கிடைக்கும். வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் நாட்டு விதிப்படியும் இழப்பீடு தரலாம்.

புகார் செய்வது எங்கே?

* எந்தக் காரணத்தால் ஏற்றவில்லை என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போர்டிங் பாஸ், டிக்கெட், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

* முதலில் விமான நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். பதில் இல்லை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் பதிவு செய்யுங்கள்.

* அடுத்து, பெரம்பலூர் அல்லது அரியலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை 2 ஆண்டுக்குள் அணுகலாம். சொந்த மாவட்டத்திலேயே வழக்கு போட 2019-ம் ஆண்டு சட்டம் வழி செய்கிறது.

* ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ஏமாற்றப்பட்டால் போலீசில் புகார் கொடுங்கள். தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறையிடமும் உதவி கேட்கலாம்.

பணம் கட்டும் முன்பே விசா நகலை வாங்கி, அதில் எந்த வகை விசா, எத்தனை நாள், பெயர் எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் சரிபார்த்துவிடுங்கள்.