புக்கித் தீமா: ஒரு குட்டி மலையின் பெரிய கதை

சிங்கப்பூரில் மலை இருக்கிறதா என்று கேட்டால் பலர் சிரிப்பார்கள். ஆனால் இருக்கிறது. அதன் பெயர் புக்கித் தீமா. உயரம் 163.63 மீட்டர். இந்த எண் உச்சியில் உள்ள ஒரு பாறையில் பொறிக்கப்பட்டுள்ளது. நகர மையத்தில் இதைவிட உயரமான கட்டடங்கள் பல உண்டு. ஆனாலும் நாட்டின் மிக உயரமான இயற்கை இடம் இதுதான்.

அடிவாரத்திலிருந்து உச்சியை அடைய அரை மணி நேரம் போதும். தூரம் குறைவுதான், ஆனால் ஏற்றம் கடுமையானது. தொடக்கத்திலேயே சாலை செங்குத்தாக எழும்புகிறது. படிக்கட்டுப் பாதையில் போனால் மூச்சு இன்னும் வேகமாக வாங்கும். இரண்டு பக்கமும் செராயா போன்ற பெருமரங்கள் நிற்கின்றன. நகரம் மிக அருகில் இருந்தாலும் அங்கே கேட்பது பெரும்பாலும் பூச்சிகளின் சத்தம்தான்.

இவ்வளவு சிறிய தீவில், இவ்வளவு நெருக்கமான நகரத்துக்கு நடுவில், இந்தக் காடு மட்டும் எப்படித் தப்பித்தது? அதற்கான முதல் பதில், நடப்பவர்களைத் திணற வைக்கும் அந்த ஏற்றத்திலேயே இருக்கிறது.

பெயரில் மட்டும் ஈயம்

மலாய் மொழியில் 'புக்கித்' என்றால் குன்று, 'தீமா' என்றால் வெள்ளீயம். ஆனால் இந்த மலை வெள்ளீயத்துக்குப் பெயர் பெற்றதல்ல. இது ஒரு கருங்கல் மலை. இங்கு வளர்ந்த 'தெமாக்' என்ற மரத்தின் பெயரே காலப்போக்கில் 'தீமா' என்று திரிந்தது என்பது ஒரு கருத்து. மரத்தின் பெயர் உலோகத்தின் பெயராக மாறியிருந்தால், அது இந்த மலையின் பிற்காலக் கதைக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. பின்னால் வந்தவர்களில் பலர் மரத்தை விட்டுவிட்டு மண்ணையும் கல்லையும்தான் பார்த்தார்கள்.

காட்டைத் தின்ற காம்பிர்

1819-ல் ராஃபிள்ஸ் வந்து இறங்கியபோது சிங்கப்பூரின் பெரும்பகுதி காடாக இருந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் அது வேகமாக அழிந்தது. முக்கியக் காரணம் 'காம்பிர்' என்ற செடி. இதன் இலையைக் கொதிக்க வைத்து, காசுக்கட்டியைப் போன்ற துவர்ப்புப் பொருள் ஒன்றை எடுப்பார்கள். வெற்றிலையோடு சேர்த்து மெல்லவும், தோல் பதனிடவும், சாயம் போடவும் அது பயன்பட்டது. சீனத் தோட்டக்காரர்கள் இதை மிளகுடன் சேர்த்துப் பயிரிட்டார்கள்.

காம்பிரின் தொல்லை இரண்டு வகை. ஒன்று, அது மண்ணின் சத்தைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும். பதினைந்து, இருபது ஆண்டுகளில் நிலத்தைக் கைவிட்டுப் புதுக் காட்டை வெட்ட வேண்டும். இரண்டு, இலையைக் கொதிக்க வைக்க விறகு வேண்டும். அதாவது பயிரிட ஒரு காடு, எரிக்க இன்னொரு காடு!

இதே காலத்தில் தீவுக்குள் சாலைகளும் நீண்டன. அவற்றில் பலவற்றை அமைத்தவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகள். 1825 முதல் 1873 வரை சிங்கப்பூர் அவர்களுக்கான தண்டனைத் தீவாக இருந்தது. அவர்களுள் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தனர்.

வண்டுகளும் புலிக்குழிகளும்

1854-ல் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் சிங்கப்பூருக்கு வந்தார். பின்னாளில் டார்வினைப் போலவே இயற்கைத் தேர்வுக் கொள்கையைத் தானாகவே கண்டறிந்தவர் இவர். புக்கித் தீமாவில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரின் இல்லத்தில் தங்கிப் பூச்சிகளைச் சேகரித்தார். சுமார் இரண்டு மாதங்களில் அவருக்குக் கிடைத்த வண்டு இனங்கள் ஏறக்குறைய 700.

இதில் ஒரு முரண் உண்டு. வண்டுகள் அவ்வளவு அதிகமாகக் கிடைக்க ஒரு காரணம், அங்கே மரம் வெட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததுதான். விழுந்த மரங்களையும் பட்டைகளையும் மரத்தூளையும் தேடி வண்டுகள் வந்தன. காடு அழிவதன் அடையாளத்தையே வாலஸ் தன் பெட்டிகளில் நிரப்பினார் எனலாம்.

அவர் நடந்த வழிகளில் புலிக்குழிகளும் இருந்தன. பதினைந்து, இருபது அடி ஆழம் தோண்டி, மேலே குச்சியும் இலையும் பரப்பி மறைத்திருப்பார்கள். முன்பு குழியின் அடியில் கூரான கழி ஒன்றையும் நட்டு வைத்தார்கள். அதில் ஒரு வழிப்போக்கர் விழுந்து இறந்த பிறகு கழி நடுவது தடை செய்யப்பட்டது. தோட்டத் தொழிலாளர்கள் பலர் புலிக்கு இரையான காலம் அது. தீவின் கடைசிக் காட்டுப்புலி 1930-ல் சுட்டுக் கொல்லப்பட்டது.

வாலஸ் இன்னொன்றையும் கவனித்தார். சிறு குன்றுகள் பலவற்றின் உச்சியில் மட்டும் பழைய காடு மிச்சம் இருந்தது. சரிவில் பயிரிடுவது கடினம், வெட்டிய மரத்தை இறக்குவதும் கடினம். ஆகவே தொடக்கத்தில் புக்கித் தீமாவைக் காப்பாற்றியது மனிதரின் கருணையல்ல. கோடரிக்காரர்களுக்கு அந்தச் சரிவு வசதிப்படவில்லை, அவ்வளவுதான்.

சட்டம் வந்தது

தாவரவியல் பூங்காவை சிங்கப்பூர்த் தமிழர்கள் 'பூமலை' என்பார்கள். அதன் கண்காணிப்பாளராக இருந்த நத்தானியல் கேன்ட்லி, காடுகளின் நிலையை ஆராய்ந்து ஓர் அறிக்கை தந்தார். தீவின் பழைய காட்டில் மிகச் சிறு பகுதிதான் எஞ்சியிருப்பதாக அது காட்டியது. அதைத் தொடர்ந்து 1883-ல் புக்கித் தீமா வனக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அன்றைய அரசின் முக்கிய நோக்கம் மரவளத்தைக் காப்பது. இன்று நாம் சொல்லும் பல்லுயிர்ப் பாதுகாப்பு என்ற எண்ணம் அப்போது வரவில்லை.

அதனால்தான் மரவளம் குறைந்து வருமானத் தேவை வந்தபோது, 1930களில் பெரும்பாலான வனக் காப்பகங்கள் தங்கள் தகுதியை இழந்தன. புக்கித் தீமாவும் வேறு சில இடங்களும் மட்டும் தப்பித்துப் பூமலையின் பொறுப்பில் வந்தன.

பின்னர் போர் வந்தது. 1942 பிப்ரவரியில் புக்கித் தீமா பகுதியில் கடும் சண்டை நடந்தது. பிப்ரவரி 15 அன்று, இதே புக்கித் தீமா வட்டாரத்தில் இருந்த ஃபோர்டு கார் தொழிற்சாலையில் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது.

போருக்குப் பின் 1951-ல் இயற்கைக் காப்பகங்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. 1990-ல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டமும் நிறைவேறியது.

கல்லும் சாலையும்

மேலே மரங்களைச் சட்டம் காத்தது. ஆனால் மலையின் ஓரங்களில் இருந்தது நல்ல கருங்கல்! வளரும் நகரத்துக்குச் சாலை போடவும் கட்டடம் எழுப்பவும் கல் தேவைப்பட்டது. மலையைச் சுற்றிப் பல கல்குவாரிகள் பக்கவாட்டைக் குடைந்தன. பிற்பாடு அவை மூடப்பட்டன. ஹிண்ட்ஹீட் குவாரி இன்று நீர் நிறைந்த ஒரு பள்ளம். அதைச் சுற்றி 2001-ல் பூங்கா திறக்கப்பட்டது.

1986-ல் புக்கித் தீமா விரைவுச்சாலை திறக்கப்பட்டபோது வேறு வகையான வெட்டு விழுந்தது. கிழக்கே உள்ள பெரிய நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து இந்த மலை தனியாகத் துண்டிக்கப்பட்டது. பறவை பறந்து கடக்கலாம். எறும்புதின்னி என்ன செய்யும்? சாலையைக் கடக்க முயன்று வாகனங்களில் அடிபட்டுச் செத்தது.

அதே ஆண்டில்தான் இந்தக் காட்டின் ஓடையில் வாழும் ஒரு சிறு நண்டு அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. 'சிங்கப்பூர் நன்னீர் நண்டு' எனப்படும் இது உலகில் வேறு எந்த நாட்டிலும் இல்லை. 2012-ல் வெளியான, உலகில் அழியும் ஆபத்து மிகுந்த 100 உயிரினங்களின் பட்டியலில் இதுவும் இடம் பெற்றது.

துண்டித்ததை இணைக்க, விரைவுச்சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்தில் ஒரு பாலம் கட்டப்பட்டு 2013-ல் முடிந்தது. அதில் மனிதர்கள் நடப்பதற்காகப் பாதை போடவில்லை. மண் நிரப்பி மரம் நட்டிருக்கிறார்கள். எறும்புதின்னி அதைக் கடப்பது கேமராவில் பதிவாகியுள்ளது.

இன்றைய கேள்வி

இன்று காப்பகத்தின் பரப்பு சுமார் 163 ஹெக்டேர். உயரமும் பரப்பும் ஒரே எண்ணாக அமைந்தது வேடிக்கையான ஒற்றுமை. 2011-ல் இது ஆசியான் மரபுப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் புகழும் ஒரு சுமைதான். கூட்டம் கூடக்கூடப் பாதைகள் அகன்றன, மரங்களின் வேர்கள் வெளியே தெரிந்தன, சரிவு அரிக்கப்பட்டது. சீரமைப்புப் பணிகளுக்காக 2014 செப்டம்பரில் மலை மூடப்பட்டது. இடையில் வார இறுதிகளில் மட்டும் ஒரு பகுதி திறக்கப்பட்டது. முழுவதும் திறக்க 2016 அக்டோபர் ஆயிற்று.

கோடரி, குவாரி, விரைவுச்சாலை என மூன்றையும் தாண்டி வந்த காட்டைக் கடைசியில் சோதித்தவை அதை நேசிப்பவர்களின் காலணிகள்! ஒரு காலத்தில் மனிதரைத் தள்ளி நிறுத்திக் காட்டைக் காத்த அந்தச் சரிவு, இப்போது உடற்பயிற்சிக்காக மனிதரை இழுக்கிறது. இனி அது காட்டைக் காக்காது. போட்ட பாதையை விட்டு விலகாமல் நடப்பவர்கள்தான் காக்க வேண்டும்.